முட்டி வலி என்னும் மரியாதையான பொய்

சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இரண்டு விதமான வலி தெரியும். கோம்பாக் பழைய சாலையில் கெந்திங் செம்பா நோக்கி ஏறும்போது தொடை எரியுமே, அது ஒன்று. அதை நாமேதான் தேடிப் போகிறோம். காசு கொடுத்து சைக்கிள் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போய் அந்த வலியை வாங்கி வருகிறோம். மேலே போய் நின்று மூச்சு வாங்கும்போது அதற்கு ஓர் அர்த்தமும் கிடைத்துவிடுகிறது. இன்னொரு வலி சீட்டில் இருக்கிறது. அதை யாரும் தேடிப் போவதில்லை. அதைத் தாங்கியதால் யாருக்கும் கால் பலமானதும் இல்லை.

இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்: பொறுத்துக்கொள்.

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் நாற்பத்தெட்டு வயது அக்கா ஒருவர் இருந்தார். இருபது வயதுப் பையன்களைப் பின்னால் விட்டுவிட்டு ஏறுவார். ஒரு கட்டத்தில் வருவதைக் குறைத்தார், பிறகு வரவே இல்லை. கேட்டதற்கு, "முட்டி வலிம்மா" என்றார். பல மாதம் கழித்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார். அரை மணி நேரம் சீட்டில் உட்கார்ந்தால் கீழே தோல் உரிந்த மாதிரி எரிகிறது. வீட்டுக்கு வந்து சிறுநீர் கழித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. மாதவிடாய் சில தடவை மூன்று வாரத்தில் வருகிறது, சில தடவை இரண்டு மாதம் காணோம். வந்தால் ஒரு மணி நேரத்தில் பேட் நனைந்துவிடுகிறது. பாதி வழியில் எங்கே போய் மாற்றுவது? "அப்புறம் ஏன்க்கா முட்டின்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "முட்டின்னா எல்லார் முன்னாடியும் சொல்லலாம் இல்ல?" என்றார்.

முட்டி மரியாதையான உறுப்பு. அதற்கு வலிக்கலாம்.

அவருக்கு நடந்துகொண்டிருந்தது அபூர்வமான நோய் அல்ல. கடைசி மாதவிடாய்க்குப் பிறகு முழுதாக 12 மாதம் கடந்தால்தான் அதை மெனோபாஸ் என்கிறார்கள். அதற்கு முந்தைய வருடங்களுக்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். பலருக்கு நாற்பதுகளின் நடுவில் தொடங்கிச் சில ஆண்டுகள் நீளும். அப்போது ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்குவதில்லை. ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் சரியும். கருமுட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிறகு பெரும் உதிரப்போக்காக வரலாம். நாளடைவில் பிறப்புறுப்பின் தோலும் யோனியின் உட்சுவரும் மெலிகின்றன, வறள்கின்றன. சிறுநீர்த் தொற்றும் எளிதாக வருகிறது. உடம்பு திடீரென்று கொதிக்கிற தொந்தரவு பலருக்குக் காலப்போக்கில் அடங்கிவிடும். இந்த வறட்சி பெரும்பாலும் தானாகச் சரியாவதில்லை. இந்த நிலைமையில் உள்ள தோலைக் கொண்டுபோய் ஒரு குறுகிய சீட்டின் மூக்கில் இரண்டு மணி நேரம் அழுத்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை உண்டு. ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது வேறொரு கேள்வி. இத்தனை பேருக்கு நடக்கிற ஒன்று ஏன் ஒருத்தியின் இரகசியமாகவே இருக்கிறது?

மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் வெளியிட்ட நூலில் ஒருவகை அநீதியைப் பற்றிப் பேசுகிறார். ஒருவருக்கு ஏதோ நடக்கிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ளவும் சொல்லவும் சமூகத்திடம் பொதுவான சொல் இல்லை. சொல் ஏன் இல்லையென்றால், சொற்களை உருவாக்கும் இடத்தில் அவரைப் போன்றவர்கள் இருந்ததில்லை. 1970களுக்கு முன் வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு அப்படியொரு பெயர் இல்லாததை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். அந்தப் பெண்கள் அனுபவித்தார்கள். புகார் எழுதத்தான் சொல் இல்லை.

நம் நிலைமையைப் பாருங்கள். மலாயில் புத்துஸ் ஹைட், அறுந்துபோவது. தமிழில் மாதவிடாய் நிற்பது. இரண்டும் முடிவைத்தான் சொல்கின்றன. முடிவுக்கு முந்தைய அந்த வருடங்களுக்கு நம் பேச்சில் ஒரு சொல் கிடையாது. உறுப்புக்கோ, ஒன்று கெட்ட வார்த்தை இருக்கிறது, இல்லையென்றால் பாடப்புத்தக வார்த்தை. நடுவில் இருப்பதெல்லாம் "கீழே", "அந்த இடம்". குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு 2002இல் வந்தபோது எழுந்த சண்டையை இலக்கியம் படிக்கிற நமக்குத் தெரியும். பெண் உடலை எழுதும் உரிமைக்காக நாம் வாதாடியிருக்கிறோம். ஆனால் நம் மனதில் இருந்த உடல் பெரும்பாலும் இளம் உடல். நாற்பத்தெட்டு வயது உடலின் எரிச்சல் காமமும் அல்ல, தாய்மையும் அல்ல. அதனால் அது நம் கண்ணில் படவில்லை.

சைக்கிள் சீட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1890களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டத் தொடங்கியபோது மருத்துவர்களுக்கு சீட்டு பெரிய கவலையானது. நடுவில் பள்ளமோ இடைவெளியோ விட்ட சீட்டுகள் பெண்களுக்கென்று அப்போதே விளம்பரமாயின. அந்தக் கவலையில் காயம் பற்றிய அக்கறையும் இருந்தது. சீட்டில் உரசிப் பெண்ணுக்குக் கிளர்ச்சி வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. இன்பம் வந்துவிடும் என்றால் சீட்டை மாற்ற உலகம் உடனே தயாராகிறது. வலி வருகிறது என்றால்?

ஹானா டைன்ஸ் என்ற பிரிட்டிஷ் பாராலிம்பிக் வீராங்கனை 2019இல் கார்டியன் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். மூன்று சக்கர சைக்கிளில் வருடக்கணக்கில் பயிற்சி செய்ததில் பிறப்புறுப்பில் வீக்கம் உண்டாகி, அறுவை சிகிச்சையில் சதையை எடுக்க வேண்டியிருந்தது. அவர் இளம் வயதுக்காரர், உச்சநிலைப் போட்டியாளர். அவருக்கே அப்படியென்றால் நாற்பத்தெட்டு வயதில்? பந்தயங்களில் சீட்டு கிட்டத்தட்ட மட்டமாகவே இருக்க வேண்டும் என்ற சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதி 2016இல்தான் தளர்ந்தது. சீட்டின் மூக்கைச் சில டிகிரி கீழே சாய்க்கலாம், அவ்வளவுதான். சீட்டை வெட்டுவதற்கு முன்னால் உடலை வெட்டிவிடுகிறோம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. "வயசானா எல்லாம் வரத்தான் செய்யும், இதையும் நோயாக்கி மாத்திரை விக்கணுமா?" இந்தச் சந்தேகம் வீண் இல்லை. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர் மெனோபாஸைக் குறைபாட்டு நோய் என்றார். ஹார்மோன் எடுத்தால் என்றும் பெண்மையோடு இருக்கலாம் என்று புத்தகம் எழுதினார். அவருக்கு மருந்து நிறுவனங்களின் பணம் போனது பின்னால் தெரியவந்தது. 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று, கூட்டு ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுவதைக் கண்டு அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தியது. மூப்பை வியாபாரமாக்குகிறவர்களை நம்பாமல் இருப்பது புத்திசாலித்தனம்தான்.

ஆனால் "இது இயற்கை" என்ற வாக்கியம் இரண்டு வேலை செய்கிறது. நீ பழுதாகிவிடவில்லை என்று ஆறுதலும் சொல்கிறது. அதனால் எங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்று கதவையும் சாத்துகிறது. முதலாவது உண்மை. அதிலிருந்து இரண்டாவது வராது. பிரசவமும் இயற்கைதான், அதற்காக மருத்துவச்சியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொறுமை அறமாக வேண்டுமென்றால், பொறுக்காமல் இருக்கவும் வழி இருக்க வேண்டும். மேட்டில் மிதிக்கிறவள் எப்போது வேண்டுமானாலும் இறங்கிவிடலாம், அதனால்தான் அவள் ஏறுவதற்கு மதிப்பு. இறங்க வழியே காட்டாமல் ஒருத்தியைப் பொறுக்கச் சொல்லிவிட்டு அவளைப் பொறுமைசாலி என்று புகழ்வது, நம் கடமையை அவள் குணமாக மாற்றிவிடும் தந்திரம்.

வழி இல்லாமலும் இல்லை. யோனியில் மட்டும் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மிகக் கொஞ்சமாகத்தான் இரத்தத்தில் கலக்கிறது. அந்த மாத்திரைகளோடு இதை ஒன்றாக எண்ணக்கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும். பெரும் உதிரப்போக்குக்கும் இரத்தசோகைக்கும் சிகிச்சை உண்டு. 12 மாதம் நின்றபின் மறுபடி இரத்தம் பட்டால் காத்திருக்கவே கூடாது. சீட்டு, உட்காரும் எலும்புகள் இரண்டையும் தாங்கும் அகலத்தில் இருக்க வேண்டும். மெத்தென்ற சீட்டு நல்லது என்று நினைப்போம். எலும்பு அதில் புதைந்து மென்மையான பகுதி இன்னும் அழுந்தலாம். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தினாலே இடுப்பு முன்னால் சாய்வது குறையும். வியர்த்த உடையோடு காப்பிக் கடையில் ஒரு மணி நேரம் உட்காராமல் இருப்பதும் உதவும். மூட்டைப் படுத்தாத நல்ல பயிற்சி சைக்கிள். எலும்பு உறுதிக்கு மட்டும் அது போதாது. நடையும் எடை தூக்குவதும் சேர வேண்டும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. கேட்க ஒரு ஆளும், சொல்ல ஒரு வார்த்தையும் இருந்தால் போதும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அதைப் பற்றிப் பாட்டு வந்தது, கட்டுரைகள் வந்தன. ஒரு பெண் சைக்கிளில் ஏறுவது விடுதலை என்று நாம் எல்லோரும் கைதட்டினோம். அன்றைக்கு இருபது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் எந்த வயதில் இறங்கினார்கள், ஏன் இறங்கினார்கள் என்று யாராவது கேட்டோமா? ஏறியதை எழுதிய மொழிக்கு, இறங்கியதையும் எழுதும் கடன் இருக்கிறது.