விளக்கு விற்றவர் பொறுப்பாளியா?

கத்தி விற்ற கடைக்காரர், அந்தக் கத்தியால் நடந்த கொலைக்குப் பொறுப்பாவாரா? வாணிபம் தோன்றிய நாள் முதல் மக்கள் கேட்டு வரும் கேள்வி இது. "ஆகமாட்டார்" என்று நம்மில் பெரும்பாலோர் சட்டென்று பதில் சொல்லிவிடுவோம். அந்தப் பதில் சரியானதே. ஆனால் வாங்க வந்தவன் கண் சிவந்து, பக்கத்து வீட்டுக்காரனின் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே கத்தியின் கூரைத் தடவிப் பார்த்திருந்தால்? அப்போது நம் நாக்கு சற்றே தயங்குகிறது. வணிக ஒழுக்கம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்தத் தயக்கத்தில்தான் அடங்கியிருக்கிறது. அதைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இங்கு நமது நோக்கம்.

இப்பழைய கேள்வி இன்று ஒரு புதிய சரக்கின் உருவில் நம் கடைவாசலுக்கு வந்திருக்கிறது. மண்ணே இல்லாமல், உப்புச் சத்துகள் கரைத்த தண்ணீரிலேயே செடி வளர்க்கும் முறையைக் கூறுகிறோம். 1860களில் ஜெர்மனியைச் சேர்ந்த சாக்ஸ், நோப் என்னும் இரு அறிஞர்கள், செடிக்கு வேண்டிய சத்துகளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாலே அது வளரும் என்று காட்டினார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர் 1930களில் அதைச் சோதனைச் சாலையிலிருந்து வெளியே கொண்டுவந்து, 1937இல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரையும் சூட்டினார். அண்டை நாடான இந்தியாவில், வங்காளத்துக் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் எளிய மக்களும் கையாளத்தக்க விதத்தில் அதை அமைத்துக் காட்டி, 1951இல் நூலும் எழுதினார்.

நிலம் குறைந்த ஊருக்கு இது அருமையான கலை என்பதில் ஐயமில்லை. அடுக்குமாடி வீட்டில் வாழும் குடும்பம், சன்னலோரத்தில் நான்கு குழாய்களை வைத்துக் கங்கோங், சாவி, சாலட் கீரை முதலியவற்றை வளர்த்து உண்ணலாம். இதற்கான சிறிய பம்பு, சத்துக் கரைசல், எல்.ஈ.டி. விளக்கு, துணிக் கூடாரம் ஆகியவற்றை இன்று இரும்புச் சாமான் கடைகளும் தோட்டச் சாமான் கடைகளும் விற்கின்றன. நம்மவர் சிலரும் விற்கக்கூடும். இது ஹலாலான வியாபாரம். இதில் தயங்க ஒன்றுமில்லை.

ஆனால், கீரைக்கு ஒளி தரும் அதே விளக்கு கஞ்சாச் செடிக்கும் ஒளி தரும். வீட்டுக்குள் மறைவாகக் கஞ்சா பயிரிடுவதை எளிய பாடமாகப் புதியவர்களுக்குக் கற்பிக்கும் எழுத்துகள் உலகெங்கும் பரவிக் கிடக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு ஓர் இளைஞன் நம் கடைக்கு வரக்கூடும். அவன் எதற்குத் துணிகிறான் என்பதை அவன் அறிந்திருக்கிறானோ இல்லையோ, நாம் அறிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் கஞ்சாச் செடி பயிரிட்டால் 20 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 40,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டப்படி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் உண்டு. ஒரு விளக்கை விற்றதில் நமக்குக் கிடைக்கும் லாபம் 20 வெள்ளி. வாங்கிச் சென்றவன் இழக்கக்கூடியது 20 ஆண்டுகள். இக்கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

சிலர் இதற்கொரு சமாதானம் கூறுவர். "கனடாவில் 2018 அக்டோபர் முதல் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை சட்டமே அனுமதிக்கிறதே! ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் மூன்று செடிகள் வளர்க்கலாமே! அங்கே நியாயமானது இங்கே எப்படி அநியாயமாகும்?" என்பர். நாம் வாழ்வது கனடாவில் அல்ல. வாழும் நாட்டின் சட்டத்தை மதிப்பது நம் கடமை. இது முதல் பதில். இரண்டாவது பதில் இன்னும் முக்கியமானது. சட்டம் அனுமதித்துவிட்டதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது என்பதை இந்த மண்ணே நமக்குக் கற்பித்திருக்கிறது. 1910 முதல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் தானே அபினைத் தயாரித்து விற்று வருமானம் ஈட்டியது. உரிமம் பெற்ற கடைகளில் சண்டு பகிரங்கமாக விற்பனையாயிற்று. உலகப் போர் முடிந்த பிறகு 1946இல்தான் அது தடை செய்யப்பட்டது. 1945இல் சண்டு புகைத்து எலும்பாய்க் கிடந்த ரிக்‌ஷாக்காரனின் உடலுக்கு, அது சட்டப்படி வாங்கிய சண்டு என்பதால் ஏதேனும் சலுகை கிடைத்ததா? ஆகவே, சட்டம் நம்மைத் தடுக்கும் வேலி. அது நமக்கு வழிகாட்டும் விளக்கன்று. விளக்கை நாம்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இனி, விற்பவரின் பொறுப்பைப் பிறர் எவ்வாறு அளந்தார்கள் என்று பார்ப்போம். அமெரிக்க நாட்டு உச்ச நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகள் வந்தன. முதலாவது 1940இல் தீர்ப்பானது. கள்ளச் சாராயம் காய்ச்சியவர்களுக்குச் சர்க்கரை, ஈஸ்ட், தகர டின் ஆகியவற்றை விற்ற வியாபாரிகளின் வழக்கு அது. சரக்கு எங்கே போகிறது என்று தெரிந்து விற்றார்கள் என்பதால் மட்டும் அவர்களைக் காய்ச்சியவர்களின் சதியில் கூட்டாளிகளாக்க இயலாது என்று நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இரண்டாவது 1943இல் தீர்ப்பானது. பஃபலோ நகரத்து மருந்து நிறுவனம் ஒன்று ஒரு சிற்றூர் டாக்டருக்குத் தபால் மூலம் மார்பின் மாத்திரைகளை அனுப்பி வந்தது. சாதாரண டாக்டர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குக் கால் கிரெயின் மாத்திரைகள் 400க்கு மேல் தேவைப்படாது என்று வழக்கில் கூறப்பட்டது. இவருக்கோ, கடைசி மாதங்களில் அரைக் கிரெயின் மாத்திரைகள் மாதந்தோறும் 5,000 முதல் 6,000 வரை போயின. அந்நிறுவனம் குற்றவாளி என்றே தீர்ப்பாயிற்று.

இரண்டு வழக்குக்கும் உள்ள வித்தியாசம் என்ன? சர்க்கரை யாரும் வாங்கும் பண்டம்; மார்பின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அத்துடன், மருந்து நிறுவனம் வெறுமனே விற்கவில்லை. மேலும் மேலும் வாங்கும்படி ஊக்கிற்று. பண்டத்தின் தன்மை, வாங்கும் அளவு, விற்பவரின் ஊக்குவிப்பு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தபோது, "எனக்குத் தெரியாது" என்ற சொல் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை.

நம் சரக்கை இன்னும் நெருங்கித் தொடும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1989 அக்டோபர் 26ஆம் நாள், அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறையினர் 46 மாநிலங்களில் தோட்டச் சாமான் கடைகளைச் சோதனையிட்டார்கள். அந்நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயரே 'பச்சை வணிகர்' என்பதாகும். அக்கடைகளில் விற்ற விளக்கும் பம்பும் சட்டத்துக்கு உட்பட்டவையே. பின் ஏன் அவர்கள்மீது கண் விழுந்தது? கஞ்சா வளர்ப்போர் படிக்கும் பத்திரிகைகளில் அவர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள். எந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கை அசைத்தார்களோ, அந்தக் கூட்டத்தோடு சேர்த்தே அவர்கள் எண்ணப்பட்டார்கள். அதே வேளையில், அக்கடைகளில் சாமான் வாங்கிய ஒரே காரணத்தால் சந்தேகத்துக்கு உள்ளானவர்களும் உண்டு. ஆகவே இந்நிகழ்ச்சி வணிகருக்கு ஒரு பாடம், சந்தேகிப்போருக்கும் ஒரு பாடம்.

நமது மார்க்க அறிஞர்கள் இக்கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் திராட்சை. அதை மதுவாக்குபவனுக்கு விற்கலாமா? இமாம் அபூஹனீஃபா அவர்கள், பாவம் பழச்சாற்றில் இல்லை, வாங்கியவன் பின்னால் தன் விருப்பப்படி செய்யும் செயலில்தான் இருக்கிறது என்று கூறி, அந்த விற்பனையைத் தடுக்கவில்லை. அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் ஆகிய இருவரும் அதை மக்ரூஹ் என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்களோ, வாங்குபவன் அப்படிச் செய்வான் என்று சந்தேகம் மட்டுமே இருந்தால் மக்ரூஹ் என்றும், உறுதியாகத் தெரிந்தால் ஹராம் என்றும் பிரித்துக் கூறினார்கள். நம்மில் இவ்விரு மத்ஹபினரும் இருக்கிறோம். கருத்து வேற்றுமை இருப்பினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்பவர் என்ன அறிந்திருந்தார் என்ற கேள்வியை இவர்களில் ஒருவரும் அற்பமென்று ஒதுக்கவில்லை.

ஆக, எல்லாம் 'அறிதல்' என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. இங்கேதான் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளும் இடமும் இருக்கிறது. "தெரியாது" என்பதில் மூன்று வகை உண்டு. உண்மையிலேயே தெரியாமல் இருப்பது ஒன்று. தெரிந்துகொள்ள முயன்றும் வாங்கியவர் பொய் சொன்னதால் தெரியாமற் போனது மற்றொன்று. இவ்விரண்டிலும் குற்றமில்லை. மூன்றாவது, தெரிந்துவிடுமோ என்று பயந்து கேட்காமலிருப்பது. அதை அறியாமை என்று சொல்லக்கூடாது. அறிந்து செய்த ஏற்பாடு என்றே சொல்லவேண்டும்.

ஒரு கடையை எண்ணிப் பாருங்கள். மாலை நேரம். இருபது வயதுப் பையன் ஒருவன் வருகிறான். "நானா, இந்த விளக்கை அலமாரிக்குள்ளே வைக்கலாமா? வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது. வாசனையும் போகக்கூடாது" என்கிறான். கீரை வளர்ப்பவனுக்கு வாசனையைப் பற்றி என்ன கவலை? கடைக்காரருக்கு விளங்கிவிடுகிறது. இப்போது அவர் முன்னே இரண்டு வழிகள். "பெரிய விளக்கே எடுத்துக்கொள் தம்பி" என்று சொல்லிக் கல்லாவைத் திறப்பது ஒன்று. "என்ன பயிர் வைக்கப் போகிறாய் தம்பி?" என்று கேட்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது கேள்வியைப் போலீஸ்காரர் கேள்வி என்று எண்ண வேண்டாம். அது நல்ல வியாபாரியின் கேள்வி. துணிக்கடையில் "யாருக்கு எடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். மருந்துக்கடையில் "என்ன செய்கிறது?" என்று கேட்கிறோம். செடிக்குச் சத்துக் கரைசல் விற்பவர் பயிர் இன்னதென்று கேட்காமல் சரியான சரக்கை எடுத்துக் கொடுக்கவே முடியாது. கீரைக்கு ஒரு பக்குவம், தக்காளிக்கு ஒரு பக்குவம் அல்லவா? எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை ஒருவனிடம் மட்டும் கேட்காமல் விட்டால், அந்த மௌனத்திற்கு விலை இருக்கிறது என்று பொருள். அந்த விலையைத்தான் நாம் கல்லாவில் போட்டுக்கொள்கிறோம்.

"நாம் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்காரர் கொடுப்பார்" என்பது இன்னொரு வாதம். உண்மைதான், கொடுக்கக்கூடும். ஆனால் அடுத்த கடைக்காரரின் கணக்கை நாம் ஒப்படைக்கப் போவதில்லை. மேலும், நாம் மறுக்கும்போது அந்தப் பையன் ஒரு நொடி நின்று யோசிக்கிறான். ஒரு பெரியவர் தன்னை அடையாளம் கண்டுகொண்டார் என்ற நாணம் அவனைத் தொடுகிறது. அது போதாமற் போகலாம், போதுமானதாகவும் ஆகலாம். அவன் நம் மகனாக இருந்தால், எந்தக் கடைக்காரர் அவனுக்கு வாய்க்க வேண்டுமென்று நாம் துஆச் செய்வோம்?

எனினும், இதனால் வருவோரையெல்லாம் ஐயக்கண் கொண்டு பார்க்கத் தொடங்கினால் அதுவும் அநீதியே. நீண்ட முடி வைத்தவன், கிழிந்த சட்டை போட்டவன், நம் இனத்தைச் சேராதவன் என்று ஆளைப் பார்த்து அளப்பது நியாயமல்ல. ஆர்க்கிட் வளர்க்கும் முதியவரும், பள்ளிக்கூடச் சோதனைக்குச் சாமான் தேடும் மாணவியும் நம் கடைக்கு வருகிறார்கள். அவர்களை அவமதிக்க நமக்கு உரிமை இல்லை. அவரவர் பேச்சையும், கேட்கும் சரக்கையும், வாங்கும் அளவையும் கொண்டே முடிவு செய்யவேண்டும். முகத்தைக் கொண்டு அல்ல. அவை சந்தேகம் தராதவரை மனநிறைவோடு விற்போம். அதன் பிறகு அவர் பொய்யராயிருந்தால், பாவம் அவருடையது.

ஆகவே வணிகப் பெருமக்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம் என்பது நமது எண்ணம். நாம் விற்கும் சரக்கு எதற்கெல்லாம் பயன்படும் என்பதை நாமே கற்றுக்கொள்வது. கடைச் சிப்பந்திகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்து, சந்தேகம் வந்தால் விற்பனை கைவிட்டுப் போனாலும் கோபிக்கமாட்டோம் என்று வாக்களிப்பது. நம் பலகையிலும் விளம்பரத்திலும் கண் சிமிட்டும் சொல் எதுவும் இராதபடி பார்த்துக்கொள்வது.

கத்தி விற்றவர் கொலைகாரரல்லர். விளக்கு விற்றவரும் குற்றவாளியல்லர். ஆனால், இரவு கடையை அடைத்துக் கணக்குப் பார்க்கும்போது, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று எழுதிய பிறகு, "இன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி எதையேனும் கேட்காமல் விட்டோமா?" என்றும் ஒரு வரி பார்த்துவிட்டுப் பேரேட்டை மூடுவோம். அந்த வரி சுத்தமாக இருந்தால், மற்ற வரிகளில் அல்லாஹ் பரக்கத் செய்வான்.