முழங்கால் பழகட்டும்!

வீட்டுக் கூட்டம் முடியப்போகிறது. பாட்டுப் பாடியாயிற்று, வேதபாகம் வாசித்தாயிற்று. அடுப்படியிலிருந்து டீ வாசனை வருகிறது. மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பாயில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு சுற்றுப் பார்க்கிறார். "தம்பி, இன்னைக்கு முடிவு ஜெபம் நீங்க பண்ணுங்க."

அந்தத் தம்பி நீதான். தொண்டை வறள்கிறது. "அன்புள்ள ஆண்டவரே" என்று தொடங்குகிறாய். நாலு வார்த்தைக்கு ஒரு ஸ்தோத்திரம் போட்டு இடைவெளியை நிரப்புகிறாய். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆமென் சொல்லிவிட்டு டீ டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொள்கிறாய். வீட்டுக்குப் போகிற வழியில் உனக்கு நீயே தீர்ப்பும் எழுதிவிடுகிறாய்: "எனக்கெல்லாம் ஜெபிக்க வராது."

அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடு! உன்னைப் பற்றி அப்படி எழுத உனக்கே அதிகாரம் இல்லை. ஜெபம் வருகிறவர், வராதவர் என்று இரண்டு ஜாதியைத் தேவன் படைக்கவில்லை. பழகியவர் இருக்கிறார், பழகாதவர் இருக்கிறார். அவ்வளவுதான்.

சீஷர்களைப் பார். புயல் அடங்கியதைக் கண்ணால் கண்டவர்கள். ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் போதுமானபோது கூடை சுமந்தவர்கள். அந்த வித்தையைக் கற்றுத்தாரும் என்று அவர்கள் கேட்டதாகச் சுவிசேஷத்தில் எங்கும் இல்லை. ஜெபிக்கக் கற்றுத்தர வேண்டும் என்றுதான் கேட்டார்கள். லூக்கா 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சிறுவயது முதல் ஜெப ஆலயத்துக்குப் போய் வளர்ந்த யூதர்களே கேட்டார்கள்! கற்றுத்தரச் சொல்லிக் கேட்கலாம் என்றால், அது கற்றுக்கொள்ளக் கூடியது என்றுதானே அர்த்தம்? இயேசுவும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடிய ஒரு ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தார். உன் ஜெபம் சின்னது என்று இனியும் வெட்கப்படுவாயா?

அவர்களில் ஒருவரைத் தொடர்ந்து போவோம். கெத்செமனே தோட்டம். ஆண்டவர் வியர்வை சிந்தி மன்றாடுகிறார், பேதுரு தூங்குகிறார். ஆண்டவர் எழுப்பினார், பேதுரு மறுபடி தூங்கினார். ஆண்டவர் மறுபடி வந்து பார்த்தார், அப்போதும் தூக்கம். அதே இரவில், சேவல் கூவுமுன், தன் ஆண்டவரையே தெரியாது என்று சொன்ன மனிதர் அவர். உன்னைப் போலவும் என்னைப் போலவும் ஜெபத்தில் தோற்றவர்.

பிறகு என்ன நடந்தது? மேல்வீட்டறையில் மற்றவர்களோடு ஜெபத்தில் தரித்திருந்தார். பிற்பகல் மூன்று மணி ஜெபவேளைக்குத் தேவாலயத்துக்கு நடந்தார். அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்துக்கு வா. யோப்பா பட்டணம், தோல் பதனிடுகிற சீமோனின் வீடு, நடுப்பகல். கீழே சமையல் நடக்கிறது, பேதுருவுக்கு நல்ல பசி. ஆனாலும் மேல்வீட்டில் ஏறி ஜெபிக்கிறார். நள்ளிரவில் விழித்திருக்க முடியாதவர், உச்சிவெயிலில் பசியோடு ஜெபிக்கிறார்! யூதரல்லாதவருக்கும் சபையின் கதவு திறக்க வேண்டும் என்ற தரிசனம் அந்த ஜெபத்தில்தான் கிடைத்தது. தூங்கிய பேதுரு வளர்ந்தார் என்றால், உனக்கு மட்டும் என்ன தடை?

"மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது" என்பாய். ஜார்ஜ் முல்லரின் மனசும் நிற்கவில்லை. 1805இல் பிரஷ்யாவில் பிறந்தவர். பதினாறு வயதில் விடுதிக்குப் பணம் கட்டாமல் சிறைக்குப் போனவர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், யாரிடமும் நன்கொடை கேட்காமல், ஜெபத்தை மட்டும் நம்பி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைக் குழந்தைகளை வளர்த்தார். அப்பேர்ப்பட்டவரே தன் கஷ்டத்தை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்: காலையில் முழங்காலிட்டால் கால்மணி, அரைமணி நேரம் மனம் அலைந்த பிறகே உண்மையான ஜெபம் தொடங்குமாம். 1841இல் அவர் அதற்கு ஒரு வழியையும் சொன்னார். முதலில் வேதத்தைத் திற. மெதுவாக வாசி. வாசித்த வசனம் பாவத்தைக் காட்டினால் அறிக்கையிடு, நன்மையைக் காட்டினால் நன்றி சொல், தேவையை நினைவூட்டினால் கேள். வெறும் மனதோடு முழங்காலிட்டால் அது ஊர் சுற்றத்தான் செய்யும். அதன் கையில் ஒரு சங்கீதத்தைக் கொடு, 150 இருக்கின்றன.

"வீட்டில் இடமில்லை, ஒரே சத்தம்" என்பாய். அன்னாளை நினைத்துக்கொள். அவள் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. ஆசாரியனான ஏலியே அவளைக் குடிவெறியில் இருக்கிறவள் என்று தப்பாக நினைத்தான். பரலோகம் தப்பாக நினைக்கவில்லை. நெரிசலான பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது உன் உதடு அசைந்தால் போதும்.

"கேட்டது கிடைக்கவில்லையே" என்பாயா? இதுதான் பலரைப் பாதியில் உட்கார வைக்கிற கேள்வி. ஏமி கார்மைக்கேல் 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது, தன் பழுப்புக் கண்களை நீலமாக்கும்படி ஒரு ராத்திரி ஜெபித்துவிட்டுப் படுத்தார். காலையில் கண்ணாடிக்கு ஓடினார். கண் பழுப்பாகவே இருந்தது. இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று அன்றே படித்தார். 1895இல் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவானார். சேலை கட்டி நம் ஜனத்தோடு நடந்தபோது, நீலக் கண்ணைவிட அந்தப் பழுப்புக் கண்ணே அவருக்கு உதவியது. 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டு பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தது. சுகம் வரவில்லை, ஆனாலும் அந்த அறையில் ஜெபமும் எழுத்தும் நிற்கவில்லை. கேட்டதைக் கொடுத்தால் நம்புவேன் என்பது வியாபாரம். கொடுக்காவிட்டாலும் உம்மோடுதான் பேசுவேன் என்பது வளர்ச்சி.

அதனால் இன்றைக்கே தொடங்கு. மணிக்கணக்காக முழங்காலில் நிற்கிறவர்களைப் பார்த்து மலைக்காதே. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஒரு நேரத்தைக் குறித்துவை. தானியேலுக்கு நாளுக்கு மூன்று வேளை இருந்தது, உனக்கு ஒரு வேளையாவது இருக்கட்டும். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கு. யாருக்காக ஜெபிக்கிறாய் என்று தேதியோடு எழுது. பதில் வந்த அன்று பக்கத்தில் அந்தத் தேதியையும் எழுது. ஒரு நாள் தவறினால் அழுதுகொண்டிருக்காதே, மறுநாள் முழங்காலிடு. அலங்கார வார்த்தை தேடாதே. அப்பாவிடம் பேச எந்தப் பிள்ளையும் அகராதி புரட்டுவதில்லை.

மூப்பர் மறுபடியும் உன்னைக் கூப்பிடுவார். அந்த ஒரு நிமிடத்தை நினைத்து இப்போதே பயப்படாதே. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்னவர் இயேசு. உன் ஜெபம் வளர வேண்டிய இடம் அதுதான். அங்கே தினமும் பேசுகிறவனுக்குக் கூட்டத்தில் தொண்டை வறண்டாலும் கவலையில்லை.

நாளைக் காலை ஐந்தே நிமிடம். போனை அடுத்த அறையில் வை. கதவைச் சாத்து. வாயைத் திற!