ஸ்வெட்டர் நியாயம்

சிங்கப்பூரில் இயற்கையான குளிர் என்று ஒன்று கிடையாது. இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19.4 டிகிரி, அதுவும் 1934 ஜனவரியில். மிக அதிகம் 37 டிகிரி. 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒருமுறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் இன்னொரு முறை. ஆக, இந்த ஊரில் ஒருவர் நடுப்பகலில் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார் என்றால், அந்தக் குளிரை யாரோ தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோவில் நானும் ஒருவன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்புகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லா அலுவலகத்திலும் தீராத சண்டை ஒன்று உண்டு. ஏர்கானை எத்தனையில் வைப்பது? 22 என்பார் ஒருவர், 25 என்பார் அடுத்தவர். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட கணக்குமுறை எங்கள் துறையில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உடை, உடலுழைப்பு, காற்றோட்டம், ஈரப்பதம் எல்லாவற்றையும் சேர்த்து, ஓர் அறை எத்தனை பேருக்குப் பிடிக்கும் என்று அது சொல்லும். எவ்வளவு கச்சிதமாக அமைத்தாலும் நூற்றில் ஐந்து பேருக்குப் பிடிக்காமல்தான் போகும் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழக்கைத் தொழில்நுட்பம் முடித்துவைக்காது. யாராவது தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "குளிர்றவங்க போர்த்திக்கலாம். வேர்க்கிறவங்க என்ன, தோலையா உரிச்சுக்குவாங்க?"

எல்லோரும் சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது உருப்படியான வாதம். சமாளிக்க வழி உள்ளவர், வழி இல்லாதவருக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறது. ஒரு வசதிக்காக இதற்கு 'ஸ்வெட்டர் நியாயம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்த நியாயத்துக்குப் பின்னால் உடலைப் பற்றிய ஓர் உண்மை இருக்கிறது. உடல் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் அடுப்பு. குளிரில் அந்தச் சூட்டை மூடி வைத்தால் போதும். வெயிலில் அதை வெளியேற்றியாக வேண்டும். சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால், மிஞ்சும் ஒரே வழி வியர்வை. வியர்வையும் ஆவியானால்தான் உடம்பு குளிரும்; வழிந்து சட்டை நனைவதால் பெரிய பயன் இல்லை. சிங்கப்பூர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அது வியர்வையைச் சுலபத்தில் வாங்கிக்கொள்ளாது.

கடுங்குளிர் ஏழைகளைக் கொல்லாதா? கொல்லும். ஆனால் ஒரு கம்பளி கிடைத்துவிட்டால் அது அவருடையது. இரவு முழுக்க அவர் கூடவே இருக்கும். வெயிலுக்கான மருந்துகள் அப்படியல்ல. நிழல், தண்ணீர், காற்று, ஓய்வு என்ற நான்கையும் மணிக்கு மணி யாராவது அனுமதிக்க வேண்டும். நிழல் இடத்துக்காரர் கையில் இருக்கிறது, ஓய்வு மேற்பார்வையாளர் கையில் இருக்கிறது. வெயிலைத் தாங்குவது தனிமனித மனவலிமை சார்ந்த விஷயம் என்று பேசும்போதெல்லாம் இதை மறந்துவிடுகிறோம்.

ஸ்வெட்டர் நியாயத்தில் எனக்குள்ள சிக்கல், அது அலுவலகச் சுவரோடு நின்றுவிடுகிறது என்பதுதான். சுவருக்கு வெளியே இருப்பவர் அந்த வழக்கில் சேர்க்கப்படுவதே இல்லை.

லிட்டில் இந்தியாவில் இந்தச் சுவரைக் கண்ணால் பார்க்கலாம். டன்லப் ஸ்திரீட் பக்கம் பழைய கடைவீடுகளின் பின்சந்தில் நடந்தால், ஏர்கானின் வெளிப்பெட்டிகள் வெந்நீர் ஆவி மாதிரி முகத்தில் ஊதும். ஏர்கான் குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் சூட்டை அள்ளி, அதோடு தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து, வெளியே கொட்டுகிறது. அதே கடைவீட்டின் முன்பக்கம் வந்தால் ஐந்தடிப் பாதை. பெரியவர்கள் 'அஞ்சடி' என்பார்கள். ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் தொடங்கிய விதி அது: கட்டுபவர் தன் கட்டடத்தின் முன்னால் கூரையிட்ட நடைபாதை ஒன்றைப் பொதுமக்களுக்கு விட வேண்டும். ஒரே கட்டடம் முன்னால் நிழல் தருகிறது, பின்னால் சூட்டைத் தள்ளுகிறது.

இந்த இடத்தில் பொறியாளனாகக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். என் அலுவலகம் கொட்டும் சூடு துவாஸில் கம்பி கட்டுபவரை வாட்டுவதில்லை. அவரை வாட்டுவது சூரியன். இரவில் நகரத்துக்கும் காட்டுப் பகுதிக்கும் 7 டிகிரி வரை வித்தியாசம் வருவதற்கும், பகலெல்லாம் சூட்டைக் குடித்து வைத்த கான்கிரீட்டுக்குத்தான் பெரிய பங்கு. நான் ஏர்கானை அணைத்தால் அவருக்கு வேர்ப்பது நிற்காது. குற்ற உணர்ச்சியில் நாமும் வேர்ப்பதால் யாருக்கும் லாபமில்லை. கேள்வி வேறு: அவருக்கு வேண்டிய மருந்து நம் கையில் இருக்கிறதா?

இருக்கிறது. 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த விதிகள் அதைத்தான் தொடுகின்றன. வேலையிடத்தில் 'டபிள்யூபிஜிடி' என்ற அளவை மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடு, வெயிலை வாங்கும் கறுப்புக் கோளத்துக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று கணக்கிடுவது அது. அளவு 32ஐத் தொட்டால் கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33ஐத் தொட்டால் 15 நிமிடம். புதிதாக வருபவரைக் குறைந்தது ஏழு நாள்களில் படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல் போடுவது நம் மரபு. நல்ல மரபுதான். ஆனால் அதில் கொடுப்பவரின் மனசு வேண்டும், வாங்குபவரின் நன்றியும் வேண்டும். அஞ்சடியில் ஒதுங்குபவர் கடைக்காரருக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. 33ஐக் காட்டும் கருவியும் அப்படித்தான். "அண்ணே, கொஞ்சம் உக்காந்துக்கவா?" என்று கேட்க வேண்டிய நிலையை அது மாற்றப் பார்க்கிறது. தானமாக இருந்தது உரிமையாக ஆவது இப்படி ஒரு சின்ன எண்ணில்தான்.

இதற்கு எதிராக நான் அதிகம் கேட்கும் வாதம், "அவங்க ஊர்ல இல்லாத வெயிலா?" என்பது. புதுக்கோட்டையின் 39 டிகிரி வேறு, இங்குள்ள ஈரமான 33 வேறு. உடல் வெயிலுக்குப் பழகும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் நாள்கள் ஆகும். வெயிலைவிட்டு விலகினால் சில வாரங்களில் பழக்கம் கழன்றுவிடும். ஆவியாகாத வியர்வையை எந்த ஊர்ப் பழக்கமும் ஆவியாக்கிவிடாது.

லீ குவான் இயூ, வெப்பமண்டலத்தில் வளர்ச்சியைச் சாத்தியமாக்கியது ஏர்கான்தான் என்றார். பிரதமரானதும் முதல் வேலையாக அரசு ஊழியர்களின் கட்டடங்களில் அதைப் பொருத்தியதாகவும் சொல்லியிருக்கிறார். சூட்டில் மூளை மந்தமாகும் என்ற அவருடைய கணிப்பு சரி. ஆனால் அது மேசைக்கு முன்னால் இருப்பவரின் மூளைக்கு மட்டும் பொருந்துமா? சூட்டில் நான் தவறினால் ஒரு கணக்குத் தப்பும். சாரத்தில் நிற்பவர் தவறினால் விழுவார். குளிர்ச்சிக்காக நாம் சொல்லும் காரணம் எதுவானாலும் அவருக்கு அது இன்னும் பலமாகப் பொருந்துகிறது.

மணிக்கு 15 நிமிடம் என்றால் வேலைநேரத்தில் கால்பங்கு. அதற்கு யாரோ விலை கொடுக்க வேண்டும். வீடு கைக்கு வரும் தேதி தள்ளிப்போகும், அல்லது விலை கொஞ்சம் ஏறும். ஏர்கானை 25இல் வைத்து மேலே ஒரு மின்விசிறியைச் சுழலவிடுவது நல்லதுதான், மின்சாரம் மிச்சமாகும். ஆனால் நாம் உண்மையில் போர்த்திக்கொள்ள வேண்டிய ஸ்வெட்டர் இந்தத் தாமதம். நம்மால் அதைத் தாங்க முடியும். அவரால் அந்த 15 நிமிடத்தை விட்டுத்தர முடியாது.

கட்டுமான அட்டவணையில் மழைக்கு நாள் ஒதுக்குவது வழக்கம். அதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை. புதுக் கான்கிரீட் காய்ந்து வெடிக்காமலிருக்க எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் வரிவரியாக எழுதுகிறோம். பெரும்பாலும் ஏழு நாள். அதே அட்டவணையில் வெயிலுக்கும் ஒரு வரி எழுதலாம். ஏப்ரல், மே மாதங்களில் ஓய்வுக்கு இத்தனை மணிநேரம் போகும் என்று முதல் நாளே கணக்கில் சேர்த்துவிட்டால், கருவி 33ஐக் காட்டும்போது தளத்தில் யாரும் அதை மறைக்கவோ, மறந்துபோனதாக நடிக்கவோ தேவை வராது.