நினைப்பும் மறைப்பும்

கழிந்துபோன இளம்பருவத்தை நினைந்து இன்புறுதல் உயிர்க்கு ஆக்கமோ, அன்றி மற்றுமொரு கட்டோ? இவ்வினா நூல் பயிலுமிடத்து எனக்கு எழுந்ததன்று. ஊர்ப்புறத்தே தனியே நடந்த ஒரு காலைப்பொழுதில் எழுந்தது. அன்று தொட்டு விடாது பற்றி நிற்றலின், அறிஞர் திருமுன் வைக்கத் துணிந்தேன்.

சென்ற சித்திரைத் திங்களில், பிறந்த ஊராகிய இராசிபுரத்திற் சின்னாள் தங்க நேர்ந்தது. விடியலிற் கைலாசநாதர் திருக்கோயிலில் வழிபாடு முடித்து, ஊரின் கீழ்ப்பால் செல்லும் பழைய வண்டிப்பாதையில் நடந்தேன். வடகிழக்கே போதமலை, தென்கிழக்கே கொல்லிமலை, இரண்டிற்கும் இடையே ஞாயிறு எழும் வெளி. தேவார வைப்புத்தலங்களுள் ஒன்றாகிய அறைப்பள்ளி அம்மலைமேல் உளதென்று பாட்டனார் எனக்குக் கைகாட்டிய இடமும் அப்பாதையே. மரவள்ளி பிடுங்கிய நிலங்கள் வெறுமையாய்க் கிடந்தன. எங்கோ ஒரு சவ்வரிசி ஆலையின் புளித்த வாடை காற்றில் வந்தது. வேலியோரத்தில் ஒரு கொன்றை, இலையெல்லாம் உதிர்த்துப் பொற்சரம் பொற்சரமாய்த் தொங்கிற்று. மக்கள் குரல் யாண்டும் இல்லை.

அக்கொன்றையின் அருகே எங்கள் பழைய கிணறு. இப்பொழுது பிறர் உடைமை. ஆழ்துளைக் குழாய் வந்தபின் அதனை ஒருவரும் நோக்குவதில்லை. முட்செடி மண்டி நின்றது. அங்கு நின்ற அளவிலே அறுபது ஆண்டுக்கு மேற்பட்டவை ஒருங்கே எழுந்தன. 1960-ஆம் ஆண்டில் எனக்கு வயது ஒன்பது. நாமக்கல் அப்பொழுது தனி மாவட்டமன்று, சேலத்தைச் சேர்ந்தது. கிணறுதோறும் கவலையிறைப்பு நடந்த காலம். எருதுகள் சரிவில் இறங்குங்கால் ஓட்டுபவர் வடத்தின்மேல் அமர்ந்துகொள்வார், எங்களையும் ஏற்றிக்கொள்வார். எங்களை என்றது என்னையும் அவர் மகனையும். தோற்சாலினின்று நீர் கொட்டும் ஓசை, நனைந்த தோலின் மணம், வாய்க்காலிற் கால் வைத்தபோது ஏறும் குளிர், கம்பங்கதிரை நெருப்பில் வாட்டி உள்ளங்கையிற் கசக்கி அவன் ஊதித் தந்த பச்சைமணி, இவை யாவும் நேற்று நிகழ்ந்தனபோல வந்தன. கண்ணீரும் வந்தது. அப்பருவமே தூயது, பின்வந்தவெல்லாம் மாசு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சொல்லிய பின்னரே அச்சொல்லின் பிழை தோன்றிற்று. நாற்பது ஆண்டு சித்தாந்தம் பாடஞ்சொன்னவன் சொல்லத்தக்க சொல்லோ அது? ஆணவம் உயிர்க்கு அநாதி. குழவிப்பருவத்தில் இல்லாதது காளைப்பருவத்திற் புகுந்ததென்னில், அது வந்தேறியாய் முடியும். வந்தேறியாயின், வந்ததற்குக் காரணம் வேறு காட்டல் வேண்டும். காரணமின்றியே வருமெனின் முத்தியுற்ற உயிரையும் மீளப் பற்றும் என்றாகும். ஆதலின் குழவியின்கண் மலம் இல்லையென்றல் பொருந்தாது. கருவிகள் முற்றாமையின் அதன் தொழில் புறத்தே விளங்காது நிற்கின்றது, அவ்வளவே. திருக்கொண்டீச்சரத்துத் திருநேரிசையில் அப்பரடிகள் தாம் இழந்த நாட்களைக் கணக்கிடுமிடத்து, பாலனாயிருந்த நாட்களையும் அக்கணக்கிற் சேர்த்தார், விலக்கினாரல்லர். இவ்வூர்ப்பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கிய கதையாசிரியர் ஆர். கே. நாராயணனாரும் 1935-இல் வெளிவந்த தம் முதல் நாவலிற் சிறுவரைத் தேவராக்கிக் காட்டவில்லை. அதில் வருஞ்சிறுவன் பொய்யும் சொல்கின்றான். கதை எழுதுவார்க்குத் தெரிந்தது பாடஞ்சொல்லும் எனக்கு மறந்தது நாணத்தக்கதே.

அற்றேல், அந்நினைவு இனித்தது யாங்ஙனம்? இதற்கு விடை வித்தியாதத்துவங்களின் இயல்பிலே கிடைக்கும். காலதத்துவம் சென்றதற்கு எல்லையும், நிகழ்வதற்குப் பயனும், எதிர்வதற்குப் புதுமையும் தருமென்பது உண்மை விளக்கத்தாற் பெறப்படும் பொருள். சென்றது எல்லைப்பட்டது, இனி அது நம்மை வருத்தமாட்டாது என்று துணிகின்றோம். முடிவு தெரிந்த கதையைக் கேட்பவர்போல அச்சமின்றி அதனை நோக்குகின்றோம். அதன்மேல் அராகம் தன் வேலையைச் செய்கின்றது. நுகர்ந்து கழிந்த பிராரத்தப் பயனை மீட்டும் எடுத்து நாவில் வைத்துச் சுவைக்கின்றோம். நுகர்ச்சியிடத்து எழும் விருப்பு வெறுப்புக்களே ஆகாமியத்திற்கு வித்தாமென்பது நம் நூற்றுணிபு ஆதலின், இந்த இரண்டாம் நுகர்ச்சிக்கும் கணக்கு உண்டென்றே கொள்ளவேண்டும்.

இம்மட்டில் வினா முடிந்ததென்று எண்ணித் திரும்ப முற்பட்டேன். முடிந்திலது.

கணந்தோறும் தோன்றி அழியும் அறிவே உயிரென்னும் புத்தர்க்கு நம்மவர் கூறும் மறுப்பு யாவரும் அறிந்ததே. அங்ஙனமாயின் அன்று கண்டவன் வேறு, இன்று நினைப்பவன் வேறாதல் வேண்டும். ஒருவன் உண்ண மற்றொருவன் ஏப்பமிடல் கூடுமோ என்பர். ஆகவே நினைவு உளதாதலின், நிலைத்த உயிரும் உளது. இவ்வாதத்தை மாணாக்கர்க்கு எத்துணையோ முறை மிடுக்குடன் எடுத்துரைத்திருக்கின்றேன். அன்று கிணற்றடியில் அதுவே என்மேல் திரும்பிற்று. அன்றைய சிறுவனும் இன்றைய கிழவனும் ஒருவனே என்பது கம்பங்கதிர் தின்ற இன்பத்திற்கு மட்டுமோ சான்று?

பாட்டனார் ஆன்மார்த்த பூசை செய்பவர். அப்பூசைக்குரிய தாமிரச் செம்பு ஒன்று இருந்தது. ஒருநாள் நண்பகலில் நீர் முகந்து விளையாடற்பொருட்டு அதனை ஒருவரும் அறியாமல் எடுத்துச் சென்றேன். கிணற்றின் கல் விளிம்பிற் கை நழுவிற்று. செம்பு ஆழத்திற் போயிற்று. அவன் அப்பொழுது அங்கு இல்லை. மாலையிற் செம்பைத் தேடினர். கவலையோட்டுபவர் மகன் வீட்டுத் தாழ்வாரம்வரை வந்துபோவான் என்பதொன்றே ஐயத்திற்குப் போதியதாயிற்று. அவனை அடித்தனர். என்னையும் கேட்டனர். அறியேன் என்றேன். நான் அறிவேனென்பது அவனுக்குத் தெரியாது. எனக்காக எவரேனும் பரிந்து பேசுவரோ என்று நோக்குவான்போல அவன் என்னை நோக்கினான். மூன்றாம் நாள் அவன் தந்தையார் வடத்தைச் சுருட்டிக் கொட்டிலில் வைத்துவிட்டு, மனைவி மக்களோடு நாமகிரிப்பேட்டை வழியாக ஆத்தூர்ச் சாலையில் நடந்து போனார். அம்மாதக் கூலியை அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டாரும் கொடுக்கவில்லை.

ஆறாண்டு கழித்து ஒரு கோடையில் அக்கிணற்றைத் தூர்வாரியபோது சேற்றோடு செம்பு வந்தது. பச்சைக் களிம்பு தடித்து ஏறியிருந்தது. எடுத்தவன் அஞ்சி எறிந்துவிட்டான் என்றனர். பாட்டனார் அப்பொழுது உலகில் இல்லை. அன்னையார் புளியிட்டு மூன்று நாள் துலக்கினார். எனக்கு வயது பதினைந்து. அன்றும் யான் வாய் திறந்திலேன்.

செம்பிற் களிம்பு என்னும் உவமையை அதன்பின் எத்தனை முறை படித்தேன், படிப்பித்தேன்! களிம்பு செம்போடு உடன்தோன்றியது. புளியால் மேலது போகுமேயன்றி உள்ளது போகாது. இரசகுளிகை பட்டாலன்றி அது மாளாது என்று விரித்துரைத்தபோதெல்லாம் அச்செம்பு ஒருகாலும் நினைவில் வந்ததில்லை. அது எங்கள் வீட்டில் நாடோறும் என் கையில் இருந்தும் வந்ததில்லை. இதனை எங்ஙனம் சொல்வது! மறதி என்று சொல்லிவிடுதல் எளிது. மறந்தது தானாகவோ, மறைக்கப்பட்டோ என்று ஆராயுங்கால், எனக்கு ஏற்றதை நினைந்து ஏலாததை விடுத்த கை என் ஆணவத்தின் கையே எனத் தெளிகின்றேன். ஆயின் மலம் சடம். அது தானே தொழிற்படாது. அதனைத் தொழிற்படுத்தும் சத்தி திரோதானம் எனப்படும். மறைத்தலும் அருளே என்னும் நூற்கொள்கையை யான் வாயளவிற் சொல்லிவந்தேன். பொறுக்கலாற்றாத காலத்து மறைத்து, ஒருவாறு பொறுக்குங்காலத்துக் காட்டுதல் தாயின் செயல்போலும்.

சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உயிர் உணர்த்த உணர்வதென்பது பெறப்படுகின்றது. அன்று எழுந்தவற்றுள் இனியவற்றை யான் விரும்பி எடுத்தேன். ஒன்றை எடுக்க மற்றொன்று தொடர்ந்தது. இந்தச் செம்பை யான் எடுத்திலேன். அது காட்டப்பட்டது. திருமணப் பந்தரில் மறந்து நின்ற நம்பியாரூரர்க்கு ஓலை காட்டப்பட்டதனோடு இதனை ஒப்பிடுதல் பேதைமை; அடியார் எங்கே, யான் எங்கே? எனினும், நினைக்க விரும்பாததொன்று நினைவிற்கு வருதற்கும் விரும்பியது வருதற்கும் உள்ள வேற்றுமை அன்று எனக்கு ஐயமற விளங்கிற்று. இளமை நினைவுகளுள் அருளின் தொழில் யாதென்று கேட்பின், இனிப்பைக்கொண்டு அதனை அளத்தல் கூடாதென்றே விடை கூறுவேன்.

இதனை மடமொன்றில் வாழும் என் கெழுதகை நண்பரொருவரிடம் சொன்னேன். அவர் நூலறிவு மிக்கவர். என்னைத் தேற்றுதற்கு இரண்டு கூறினார். ஒன்று, பாலப்பருவத்துச் செயல் பாவமாகாதென்பது. சிற்றுயிரைப் புல்லாற் குத்திய இளமைக் குற்றத்திற்காகக் கழுவேற்றப்பட்ட ஆணிமாண்டவியர், அறக்கடவுளைச் சபித்துப் பதினான்கு வயதுவரை செய்தன பாவமாகா என எல்லை வகுத்தமை பாரதத்துட் காண்க என்றார். அங்ஙனமே ஆகுக. ஆயின், திருச்சேய்ஞலூரில் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டிய விசாரசருமரும் சிறுவரே. அவர்தம் அன்பை அன்பென்று கொண்டு சண்டீசபதம் அளித்தனன் இறைவன். சிறுவன் அன்பு அன்பாகுமெனின், சிறுவன் பொய் மட்டும் பொய்யாகாதோ? மேலும் செம்பு வெளிப்பட்டபோது எனக்குப் பதினைந்து வயதென்பதை நண்பர் கவனித்திலர்.

மற்றொன்று, அடிபட்டது அவனது பழவினை, ஊட்டியவன் இறைவன், நீவிர் கருவி மாத்திரையே என்பது. இச்சொல்லை நம் மக்கள் எளிதாக வழங்குகின்றனர். எனக்கு இது எஞ்ஞான்றும் உடன்பாடன்று. அவன் நுகர்ந்தது அவன் வினைப்பயனென்பதை மறுக்கேன். ஆயின் அப்பயன் வரும் வாயிலாக நின்ற யான் கல்லோ மரமோ அல்லேன்; என் இச்சையாற் பொய் சொன்னேன். அவன் வினை அவனைச் சார்ந்து கழிந்தது. என் பொய் என்னைச் சார்ந்து புதிதாய் ஏறிற்று. பிறர் துன்பத்தைக் காணுந்தோறும் அவர் ஊழ் என்பதும், தம் குற்றத்தைக் காணுந்தோறும் இறைவன் செயல் என்பதும் வினைக்கொள்கையைப் புரட்டி வழங்குதலாம். என் செயலற்றேன் என்னும் உரை ஞானநிட்டை கைவந்தார்க்கு உரியது, வழக்காடுவார்க்கு உரியதன்று. நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், அவன் இருக்குமிடம் தெரியுமோ என்று கேட்டார்.

தெரியாது. ஊரிற் பெரியவர் சிலரிடம் வினாவினேன். அக்குடும்பத்தை நினைவில் வைத்திருப்பார் இருவரே எஞ்சியுளர். ஆத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிற் குடியேறினரென்றும், அவனுக்கு இளையாள் ஒருத்தி அங்கே இருத்தல் கூடுமென்றும் கூறினர். பெயரை இங்கு எழுதேன். அவன்மேற் சாற்றிய பழி அச்சிலும் அவன் பெயரோடு நிற்றல் வேண்டா.

மழைக்காலம் கழிந்தபின் அவ்வூர்க்குப் போகக் கருதியுள்ளேன். அவன் உளனோ இலனோ அறியேன். அவன் இலனாயின் அவ்விளையாளிடமேனும், அவள் மக்களிடமேனும் சொல்லுதல் வேண்டும். அக்காலத்துக் கூலியை இக்காலத்துப் பணத்திற் கணக்கிட்டால் என்ன வருமென்று ஒருநாள் மாலை முழுதும் எழுதி எழுதிப் பார்த்தேன். எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். செம்பு என் பூசையறையில் இருக்கின்றது. சித்திரைக்குப் பின் அதில் நீர் முகக்கவில்லை. களிம்பு மீண்டும் தோன்றத் தொடங்கியிருக்கின்றது. துலக்காமலே எடுத்துச் செல்வேன்.