நன்றி யாருக்கு?

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். அன்று தோழியின் வீட்டில் விருந்தாளியாக இருந்தேன். அவளுக்கு வேலை சனிக்கிழமையே தொடங்கியிருந்தது. ஏழு கிலோ உறைந்த வான்கோழி குளிர்பெட்டியில் வைத்து இளக மூன்று நான்கு நாளாகும். செவ்வாய் இரவு உப்பைத் தோலின் மேலும் அடியிலும் தேய்த்து, மூடாமல் வைத்தாள். உப்பு முதலில் கறியின் நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த நீரிலேயே கரைந்து உள்ளே திரும்பும். தசை இளகி, வேகும்போது ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். திறந்து வைப்பதால் தோல் காய்ந்து, பிறகு மொறுமொறுப்பாகும்.

வியாழன் விடியலில் வெண்ணெயில் சேஜ், தைம் இலைகளை நறுக்கிப் பிசைந்து தோலுக்கடியில் தடவினாள். தொடை வேகுமுன் நெஞ்சுக்கறி வறண்டுவிடும் என்பதால் நெஞ்சின் மேல் அலுமினியத் தாளைப் போர்த்தினாள். தொடையில் வெப்பமானியைக் குத்தி, 74 டிகிரி செல்சியஸ் காட்டியதும் வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆறவிட்டாள். தட்டில் வடிந்த சாற்றில் குழம்பு வைத்தாள்.

மேசைக்கு வந்ததும் கணவர் எழுந்து நீளக் கத்தியை எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். கடவுளுக்கு நன்றி சொன்னார்கள்.

இந்த நாளை நாடு முழுவதற்குமான விடுமுறையாக்கப் பல ஆண்டுகள் எழுதிப் போராடியவர் சாரா ஜோசபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர். 1863இல் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டே லிங்கன் அறிவித்தார். பெண் கல்விக்காக வாதாடிய அதே ஹேல், பெண்களுக்கு வாக்குரிமை கேட்பதை ஏற்கவில்லை. பெண்ணின் செல்வாக்கு வீட்டுக்குள்ளிருந்து பரவ வேண்டும் என்பது அவர் எண்ணம். அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை அரசியலமைப்பில் இடம்பெற்றது 1920இல்தான். விருந்து முதலில் வந்தது.

"பிடிச்சுத்தான் செய்யறேன்" என்றாள் தோழி. அதைப் பொய் என்று சொல்ல நான் யார்? அன்போடு செய்யும் வேலை உண்டு. ஆனால் அது அன்பா, கடமையா என்பதை மறுக்கும் உரிமையை வைத்துத்தான் அளக்க முடியும். மறுக்க முடியாதவளுக்குச் சொல்லும் நன்றி, அடுத்த ஆண்டு வேலைக்கான முன்பதிவு.

இதைச் சொல்லும் தகுதி எனக்கும் குறைவு. அம்மாவின் கோழிக்குழம்பை 'கைமணம்' என்று ஒரே சொல்லில் புகழ்ந்தவள் நான். அம்மியில் மசாலா அரைத்த மணிக்கணக்கை அந்தச் சொல் மறைத்துவிட்டது. தொடைக்கறி அப்பாவுக்கும் அண்ணனுக்கும் போகும். "எனக்குக் கழுத்துதான் பிடிக்கும்" என்பாள் அம்மா. நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அன்றிரவு கறி வெந்த தட்டை இருவரும் தேய்த்துக்கொண்டிருந்தோம். "அடுத்த வருஷம் நீ செய்யலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "கடையில வாங்கினா அவங்க அம்மாவுக்குப் பிடிக்காது."

நான் கேட்டது அவளைப் பற்றி. அவள் பதிலில் அவளே இல்லை.