கூரைக்குள் இருக்கும் நிறங்கள்

இராணுவத்தில் உழைத்து ஓய்ந்த லேண்ட் ரோவர் ஒன்றின் உலோகக் கூரையை எங்களூர்க் கராஜில் கழற்றிப் போட்டிருந்தார்கள். வாங்கியவர் புதுக்கித் தரச் சொல்லியிருந்தார்.

கூரையும் பக்கத் தகடுகளும் போல்ட்டுகளால் பூட்டப்பட்டவை. முன்கண்ணாடிச் சட்டத்திலும் உடலிலும் அவற்றை அவிழ்த்துவிட்டால் நாலு பேர் தூக்கி இறக்கிவிடலாம். சொல்வது இலகு. 1948இல் இவ்வாகனம் வெளிவந்தபோது, யுத்தத்தால் நொந்திருந்த பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. எனவே உடலை அலுமினியக் கலப்பு உலோகத்தில் செய்தார்கள். போல்ட்டோ உருக்கு. இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும், போல்ட் இறுகிவிடும். பாதியை வெட்டித்தான் எடுத்தார்கள்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாமென்று, தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுத் தேய்த்தார் டிங்கர் பாஸ். பச்சைக்குக் கீழே மண்நிறம், அதற்கும் கீழே இன்னொரு பச்சை, மரத்தின் வளையங்கள்போலத் தெரிந்தன.

"தம்பி, தேய்க்கத் தேய்க்க உள்ளுக்கு வேற வேற வாகனமெல்லாம் வருது" என்றார்.

உண்மைதான். பிரித்தானியப் படையின் லேண்ட் ரோவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 வளைகுடா யுத்தத்துக்குப் போனவை மண்நிறம் பூசின. ஐ.நா. அமைதிப்படைக்குப் போனவை வெள்ளையாயின. இதில் எந்த நிறம் அசல்?

தீசியஸின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதியது பலருக்கும் தெரியும்: பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின்னும் அது அதே கப்பல்தானா? கழற்றிய பலகைகளை ஒருவர் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் என்னவாகும் என்று ஹொப்ஸ் பின்னர் கேட்டார். நல்ல வினாக்கள். ஆனால் அந்தப் பலகைகள் வீதியில் எவரையும் இறக்கி அடையாள அட்டை கேட்டதில்லை. இந்தக் கூரை கேட்டவர்களைச் சுமந்திருக்கிறது.

கூரையின் நடுவில் சதுரமாக ஓர் ஒட்டு இருந்தது. வட அயர்லாந்தில் 1992 முதல் ஓடிய 'ஸ்னாட்ச்' லேண்ட் ரோவர்களின் கூரையில் படையினர் எழுந்து நிற்பதற்கான வாய் உண்டு. இதுவும் அப்படிப்பட்டதாக இருக்கலாம், வெறும் வானொலித் திறப்பாகவும் இருக்கலாம். பட்டி வைத்து மட்டமாக்கினால் யாருக்கும் தெரியாது. அதை அழகு என்பதா, பொய் என்பதா?

வரலாற்றை மதிப்பவர் பழைய பச்சையையே திரும்பப் பூசச் சொல்வார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் 2009இல் யுத்தம் முடிந்த நாட்டில், சந்தியில் ஒரு பச்சை வாகனம் திரும்பும்போது பையைத் தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கும் ஒரு தாய்க்கு அந்த நேர்மையால் என்ன பயன்? வாகனம் ஓடாத படையணியின் இலச்சினையைப் பெருமைக்காக வரைந்துகொள்வோரைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அது வெறும் புரட்டு. நிறத்தை மாற்றுவது அப்படியல்ல. மறைப்பதற்கும் இரங்குவதற்கும் இடையில் மெல்லியதொரு கோடு இருக்கிறது. நான் இரக்கத்தின் பக்கம் சாய்கிறேன், முழு மனதோடு அல்ல.

பாஸ் என் தர்க்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. வெளிப்புறத்தை வெறும் உலோகம்வரை உரித்து, அலுமினியத்தைக் கவ்வும் பிரைமர் அடித்து, வெளிர் நீலம் பூசினார். உட்புறத்தைக் கழுவி அப்படியே விட்டார். ஒட்டின் விளிம்பு உள்ளேயிருந்து பார்த்தால் தெரிகிறது, ரிவெட்டுகளைக்கூட எண்ணலாம்.