பனியனைக் கழற்றும் வாசல்

திருச்செந்தூர் முருகன் சன்னிதிக்குள் நுழையுமுன் ஆண்கள் சட்டையைக் கழற்றுகிறார்கள். பனியனும் போக வேண்டும். வியர்வையில் முதுகோடு ஒட்டிய பனியன் தலைக்கு மேல் வரும்போது ஒரு கணம் சிக்கும். பிறகு சுருண்டு கக்கத்துக்குள் போகும். சுசீந்திரம், குருவாயூர், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில்களிலும் இதே வழக்கம்தான். மதுரையில் மீனாட்சியைச் சட்டையோடே கும்பிடலாம்.

பணக்காரனின் பட்டுச் சட்டையும் கூலிக்காரனின் கிழிந்த பனியனும் வாசலோடு நின்றுவிடுகின்றன. அந்த அழகை மறுக்க முடியாது.

ஆனால் வெற்று மார்பில் பூணூல் தெரியும். அதைப் பார்க்கத்தான் இந்த விதியே வந்தது என்று 2024 டிசம்பரில் சிவகிரி மடத்தின் சுவாமி சச்சிதானந்தா சொன்னார். வழக்கத்தைக் கைவிடவும் கேட்டார். 1888இல் அருவிப்புரத்தில் சிவலிங்கம் நிறுவிச் சாதியை எதிர்த்த நாராயண குருவின் மடம் அது. அப்போது கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன் ஆதரித்தார். நாயர் சமூகத்தின் அமைப்பான நாயர் சர்வீஸ் சொசைட்டி எதிர்த்தது.

திருவிதாங்கூர் கோயில்களின் கதவுகள் 1936லேயே எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டன. இனி யாருடைய தோளைச் சோதிக்க வேண்டும்? பணிவுக்காகக் கழற்றுபவர் கழற்றட்டும். நெஞ்சில் அறுவைத் தழும்போடு கூசி நிற்கும் பெரியவரைப் பனியனோடே உள்ளே விடலாம்.